மெயில் நின்ற நாள்

திருப்பூரைத் தாண்டி வரும் மெயில் ரயில் எங்கள் கருக்கம்பாளையத்தை ஓர் ஊராகவே மதிக்காது, நிற்காமல் போகும். அதற்காக ரொம்பவும் வயிறெரிந்தவர் எங்கள் ஸ்டேஷன் போர்ட்டர் அய்யாசாமி. அவர் மனைவி மருதாளின் அண்ணன் கன்னையன், திருப்பூர் ஸ்டேஷனில் போர்ட்டர்.

"எங்கண்ணன் இருக்கற எடத்துல மெயிலே நிக்குதுங்க" என்று சோறு போடும்போதெல்லாம் மருதாள் சொல்வாள். அய்யாசாமிக்குச் சோறு இறங்காது.

அப்போது ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன்வரை போவதற்கான அனுமதிச் சீட்டைப் பிரம்பு வளையத்தில் கட்டி அய்யாசாமி உயர்த்திப் பிடிப்பார். ஓடும் வண்டியிலிருந்தே டிரைவர் கையை நுழைத்து எடுத்துக்கொள்வார். அது கிடைக்காவிட்டால் வண்டி மேலே போகக்கூடாது.

அறுபத்திரண்டில் ஒரு நாள் காலை, ஈரோடு போகும் மெயிலுக்கு அவர் வளையத்தை வேண்டுமென்றே தாழ்த்திப் பிடித்தார். பிரேக் கிறீச்சிட, மெயில் எங்கள் ஊரில் முதன்முறையாக நின்றது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் கை வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, அய்யாசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டியைப் பார்த்தார்.

ஒரே ஒருவர் இறங்கினார். கன்னையன்.

"தங்கச்சி ஊட்டுக்குத்தானுங்க பொறப்பட்டேன். காலைப் பாசஞ்சரை உட்டுப்போட்டேன், மெயில்ல ஈரோடு போயி அங்கிருந்து பாசஞ்சர்ல திரும்பி வரோணும்னு இருந்தேன். எனக்கோசரம் நிறுத்திப்போட்டீங்களே, மாப்பிள்ளை."

அன்று மத்தியானம் மருதாள் கோழி அடித்தாள். அண்ணனுக்குப் பரிமாறிவிட்டு அய்யாசாமியின் தட்டுக்கு வந்தாள்.

"எங்கண்ணன் வந்தா இங்கயும் மெயில் நிக்குது, பாத்தீங்களா?"