நாலு தறிக்கு ஒரு மருமகள்

பாறையில் கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்றார்கள், வந்தது. ஒற்றைக் குழித்தறியில் ஆரம்பித்துப் பதினாறு தறி ஓடும் கொட்டகை போட்டேன். ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கு முதல் ஓட்டு வீடு என்னுடையது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுவதை வாரா வாரம் நீங்கள் படிக்கிறீர்களே... அது மட்டும் சும்மா வந்ததா?

இப்பேர்ப்பட்டவனைப் போன வாரம் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். எதற்கு? ஒரு கல்யாணத்தை முறிக்க!

டைவர்ஸ் சட்டம் வந்தால் குடும்பங்கள் பாழாகும் என்று பட்டணத்துப் பெரியவர்கள் பேப்பரில் எழுதுகிறார்கள். எங்கள் தெருவுக்குச் சட்டம் எதற்கு? நாலு பேர் முன்னால் ஒரு துரும்பை முறித்துப் போட்டால் தீர்ந்தது. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். அடிக்கடி நடக்கிறது. ஏன் முறிகிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

பெண் செல்லம்மாள், குமாரபாளையத்திலிருந்து வாழ வந்தவள். கோபித்துக்கொண்டு அப்பன் வீடு போனவளை அழைத்துவந்து நிறுத்தியிருந்தார்கள். பிராது மாமனாருடையது.

"சோம்பேறிங்க. இவ தார் சுத்திக் குடுக்காம என்ற ஊட்டுல தறி நிக்குது. தீர்த்து உட்ருங்க."

தார் சுற்றுவது என்றால், குறுக்கே ஓடும் ஊடை நூலை இராட்டையில் வைத்துச் சின்னக் குச்சியில் ஏற்றுவது. அது இல்லாமல் நெய்கிறவன் கை ஓடாது.

"எத்தனை தறிக்குச் சுத்தறே, சாமி?" என்றேன்.

"நாலுங்க. மாமனுக்கு, இவருக்கு, கொழுந்தனுக ரெண்டு பேருக்கு. சோறாக்கறதும் நானுதானுங்க."

புருஷன் அர்த்தனாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் கொழுக்கட்டையா?

பஞ்சாயத்துக்குத் தலைமையான பெரியதனக்காரர் துரும்பை எடுத்தே விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்துங்க! சின்ன வயசுல தார் சுத்திப் பொழைச்ச கை இது. உச்சிப்பொழுது வரைக்கும் நாலு தறிக்கும் நானே சுத்தறேன். ஒரு தறி நிக்காம சுத்திட்டேன்னா, முறிச்சுக்குங்க!"

மாமனார் சிரித்தார். "ஏனுங்க, பொம்பளை வேலைக்கு முதலாளியா? வாங்க, வாங்க."

பஞ்சாயத்தே எழுந்து அவர் வீட்டுக்கு வந்தது. உட்கார்ந்தேன். இரண்டு தறிக்கு ஈடுகொடுத்தேன். மூன்றாவது நின்றது. பிறகு நாலாவது. "தாரு! தாரு!" என்று நாலு பக்கமும் கத்தல். தோள் கழன்றது, நூல் அறுத்து விரலில் ரத்தம். உச்சிக்கு முன்பே தோற்றேன் — வாழ்க்கையில் முதல் தடவை! அடுப்புப் பக்கம் நான் போகவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"போதுமுங்க, எந்திரிங்க. கை போயிரும்" என்றாள் செல்லம்மாள்.

அப்போதுதான் அர்த்தனாரி வாய் திறந்தான். "அப்பா, என்ற தறிக்கு மட்டும் அவ சுத்துவா. மத்ததுக்கு ஆள் பாருங்க. இல்லீன்னா நாங்க தனி ஊடு போயிக்கறோம்."

மாமனார் நின்ற தறிகளைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். "செரி... பாக்கறேன்" என்றார். துரும்பு முறியாமலே கீழே விழுந்தது.

பெண் அடங்கவில்லை, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமே, வெட்கமில்லையா நமக்கு? பெண் எடுக்கப் போகிறோம் என்று தாம்பூலம் மாற்றிவிட்டு, வேலைக்கு ஆள் எடுத்துவருகிறோம். ஆள் ஓடிவிட்டால் பஞ்சாயத்து!

இப்போது தெருவெல்லாம் என்ன பேச்சு தெரியுமா? பெரியதனக்காரர் சேர்த்துவைத்தாராம். கோயிலில் அவருக்கு மாலை வேறு. துரும்பைப் பிடித்திருந்தவருக்கு மாலை, இராட்டையைப் பிடித்தவனுக்கு ஒன்றுமில்லையா? தோற்றுப்போய்த்தான் சேர்த்துவைத்தான் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள்... ஆனால் என் பேரைச் சொல்லுங்கள்!