மெஷின் எரர் காட்டுன இடது கண்ணு

நான் பத்தாவது பெயில். தாம்பரத்துல ஒரு கண்ணாடிக் கடையில ஃபிட்டர். லென்ஸை ஃபிரேம் அளவுக்கு கட் பண்ணி மாட்டுறது என் வேலை. இந்த லைனுக்குப் புதுசா வர்ற பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஓனருங்க சொல்லித்தர மாட்டாங்க.

முடிச்சூர்லேர்ந்து ஒரு அண்ணன், பொண்டாட்டி, மூணு வயசுப் பொண்ணோட வந்தார். பாப்பாவுக்கு இடது கண்ணு லேசா மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். டிவிய ஒட்டிக்கினு பாக்குதாம். ஓனர் பவர் பாக்குற மெஷின் முன்னாடி, அம்மா மடியில உக்கார வச்சார். வலது கண்ணுக்கு நம்பர் வந்துச்சு. இடதுக்கு திரும்பத் திரும்ப எரர்.

"கொழந்த ஆடுது. வலதுல வந்த பவரையே இடதுக்கும் போட்டுடு"ன்னார் ஓனர். எங்க கடையில இது வழக்கம்தான்.

ஃபிரேம் மாட்டிப் பாக்கப் போனவன், சும்மா வெளாட்டுக்கு பாப்பாவோட இடது கண்ண கையால மூடி, "மாமா காணாம பூட்டேன்!"ன்னேன். சிரிச்சுது. வலது கண்ண மூடினேன். கத்திக்கினு என் கையப் பிராண்டிடுச்சு. மறுபடி இடது, சிரிப்பு. மறுபடி வலது, பிராண்டல். எனக்கு சிரிப்பு நின்னுபோச்சு.

"அண்ணா, பாப்பாவுக்கு இடது கண்ணு தெரியுதான்னே டவுட்டா கீது. கண்ணாஸ்பத்திரியில சொட்டு மருந்து விட்டு உள்ள பாக்கச் சொல்லுங்க."

அண்ணன் சூடாயிட்டார். "மாறுகண்ணு அதிர்ஷ்டம்டா. இவ பொறந்தப்புறம்தான் வூடே கட்டினோம். பொறந்தப்பவே ஆஸ்பத்திரியில டார்ச் அடிச்சுப் பாத்து, நல்லா கீதுன்னாங்க. நீ இன்னா டாக்டரா?"

"இல்லண்ணா, பத்தாவது பெயில். அதான் தெரியலன்னா தெரியலன்னு சொல்றேன்."

"டேய், லென்ஸ கட் பண்ணு"ன்னார் ஓனர்.

"மாட்டேன் சார்."

"அப்ப வூட்டுக்குப் போ."

"போறேன். நீங்களே கட் பண்ணுங்க. போன தபா நீங்க கட் பண்ணது பறந்து போய் காலண்டர்ல குத்துச்சே, அதே மாதிரி."

அம்மா, பாப்பாவோட வலது கண்ண தானே மூடிப் பாத்தாங்க. பாப்பா அலறுச்சு. "கண்ணாடி வேணாம், வண்டிய எடுங்க"ன்னாங்க புருஷன்கிட்ட.

கண்ணாஸ்பத்திரியில மருந்து விட்டுப் பாத்ததுல, இடது கண்ணுல பொறவியிலேயே புரை. கைக்கொழந்தையிலயே இப்படிப் பாத்திருந்தா பார்வை இன்னும் நல்லா வந்திருக்கும்னாங்களாம் டாக்டரம்மா. ஆபரேஷன் ஆச்சு. இப்போ தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ண ஒட்டு போட்டு மறைச்சு, இன்னொண்ண வேலை வாங்குறாங்க. கொஞ்சம் கொஞ்சமா தெரியுது.

ஓனர் என்ன வேலைய விட்டு அனுப்பல, ஆனா இன்னும் என்கிட்ட உர்ருன்னுதான் கீறார். இருக்கட்டும். தம்பிங்களா, மெஷின் எரர்னா கொழந்தயத் திட்டாதீங்க. ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. டவுட்டா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. வேலைய விட்டுத் தூக்கினா தூக்கட்டும். தாம்பரத்துல கண்ணாடிக் கடைக்கா பஞ்சம்?