தறிச் சத்தத்தில் காது கேளாத கேமரா

நகரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள். பேச்சைக் காதால் கேட்பதைவிட வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் எங்கள் தெருவில் அதிகம். அந்தத் தெருவுக்கு, காதால் கேட்டால்தான் வேலை செய்வேன் என்கிற கேமராவை வாங்கி வந்த புத்திசாலி நான்.

தன் அக்காவுக்கு ஆபரேஷன் என்று என் மனைவி திருப்பதி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். இங்கே அவளுடைய ஆடு நிறைமாதம். போன ஈற்றுக் குட்டி தங்கவில்லை. இந்தத் தடவை அங்கிருந்தே கண்ணால் பார்க்க வேண்டும் என்று தவித்தாள். என்னை மட்டும் நம்பி விட அவள் என்ன ஏமாளியா?

வைஃபை பாஸ்வேர்டைப் போன் கிய்ங் கிய்ங் என்று சத்தமாக்கிப் பாடும். கேமரா அதைக் கேட்டு, தானே இணைந்துகொள்ளும். இணைக்க ஒயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எனக்குத் தலைகால் புரியாத குஷி. ஆனால் எத்தனை முறை பாடினாலும் தறி அதை விழுங்கிவிட்டது. திடீரென்று கரண்ட் போய்த் தெருவே அமைதியானது. பாய்ந்து போய்ப் பாடவிட்டேன். கேமராவும் கரண்ட்டில்தான் ஓடுகிறது என்று பாட்டு முடிந்த பிறகே உறைத்தது.

கரண்ட் வந்ததும் பக்கத்துத் தறிக்காரரிடம் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். ஆட்டுக்கு வளைகாப்பா என்று விசாரித்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் காலி பிளாஸ்டிக் அரிசி டிரம்மைப் படுக்கப் போட்டு, உள்ளே கேமராவை வைத்து, போனோடு என் தலையையும் நுழைத்து, மேலே கம்பளிகளைப் போர்த்திக்கொண்டேன். வியர்வையில் குளித்தபடி பாடவிட்டேன். கேமரா 'கனெக்டட்' என்றது. துள்ளி எழுந்தேன், டிரம்மும் என்னோடு எழுந்தது. அதைக் கழற்றி மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தால், அங்கே தன் போனில் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் கேமராவிலிருந்து வந்தது.

"இன்னாயா, டிரம்முல தலய விட்டுக்கினு கீற? ஆடு எங்க?"

கேமராவைக் கொட்டிலில் மாட்டினேன். அன்று சாயங்காலமே ஆடு ஈன்றது. குட்டி அசையவில்லை. நான் மரம் மாதிரி நின்றேன். கேமராவிலிருந்து மனைவி கத்தினாள்.

"மூக்குல சவ்வு கீது பாரு. வழிச்சி எடு. வேட்டியால மூஞ்சத் தொட."

துடைத்தேன். குட்டி தும்மியது. ஆஸ்பத்திரி வார்டே கூவியது கேமரா வழியாகத் தறியையும் மீறிக் கேட்டது. அங்கே யாரோ தெலுங்கில், உங்கள் வீட்டுக்காரர் ஆட்டு டாக்டரா என்று கேட்டார்கள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் குட்டி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடியது.