கூட யாரு?

நெய்வேலி ஆர்ச் கேட் நிறுத்தத்தில் நான் சென்னைப் பேருந்துக்கும் அப்பா ஷிப்ட் பஸ்ஸுக்கும் நிற்கிறோம். பக்கத்துத் தள்ளுவண்டியிலிருந்து பலாப்பழ வாசனை வருகிறது. அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்யப் போகிறேன் என்று சொல்லி, முதுகில் சிலிண்டரோடு மீன்களுக்கு நடுவே நீந்தும் ஒரு பெண்ணின் படத்தைக் கைபேசியில் காட்டுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கடலுக்கடியிலும் நான்தான் முதலில் போக வேண்டும்.

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை பம்ப் வைத்து இறைப்பது அப்பாவின் காண்ட்ராக்ட் வேலை. அங்கே யாரையும் தனியாகக் கீழே அனுப்ப மாட்டார்கள்.

"நாங்க தண்ணிய எறைச்சிட்டுத்தான் எறங்குவோம். நீ தண்ணிக்குள்ளயே எறங்குறியா? கூட யாரு?"

"சொல்லித்தர்றவரு கையப் புடிச்சிகினே வருவாருப்பா."

"அவரு எல்லார் கூடவும் வர்றவரு. உனக்குன்னு யாரு?"

கூட வருவதாகச் சொன்ன தோழிகள் எல்லோரும் கழன்றுகொண்டார்கள். தனியாகவே போய்விடலாம்தான். ஆனால் அப்பா மனசில்லாமல் அனுப்பினால் அந்தக் கடல் எனக்கு இனிக்காது.

"நீ வாயேன்ப்பா."

"ஹெல்மெட்டு போட்டுகினு எறங்குறவன மூக்க மூடிகினு எறங்கச் சொல்றியா?" என்று சிரிக்கிறார்.

ஷிப்ட் பஸ் வந்துவிடுகிறது. அப்பா ஏறிக்கொள்கிறார். பஸ் நகரும்போது ஜன்னலில் அவர் தலை தெரிகிறது.

"பாப்பா, எந்த மாசம்னு சொல்லு! லீவு கேட்டு வெக்கணும்ல!"

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸோடு ஓடுகிறேன்.

"ஜனவரிப்பா! ஜனவரி!"