உப்புப் போடாத கிரேவி

இந்த நாட்டில் சட்டியின் அடியில் பிடித்ததைத் தூக்கி எறிவதில்லை. வான்கோழியை அடுப்பில் சுட்டு எடுத்த பிறகு, தட்டில் கருகி ஒட்டியிருக்கும் பிசுக்குக்குத்தான் இங்கே மரியாதை. அதில் மைதாவைத் தூவி, மரக்கரண்டியால் சுரண்டி, உருளைக்கிழங்கும் கோசும் வெந்த தண்ணீரை ஊற்றிக் கிளறினால் கிரேவி. நம்மூரில் அடிப்பிடித்த சட்டியை ஊறப்போட்டுவிட்டு, பிடிக்க விட்டவளை ஒரு வாரத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். இங்கே, காய் வெந்த தண்ணீரை நான் வழக்கம்போலத் தொட்டியில் கொட்டப் போனபோது டோரதி பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டோரதி நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், வயதான பெண்மணி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் நான், அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்னால் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி, "இந்த வருஷம் பாக்கெட் தூள் வேண்டாம். நிஜமான கிரேவி. நான் சொல்கிறேன், நீ கிளறு" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. இரத்த அழுத்தம் இருப்பதால் ஒரு சிட்டிகை உப்பும் சேரக்கூடாது. உப்பில்லாத பண்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கரண்டியைக் கையில் வாங்க எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் தங்கச்சிமடத்துக்குத்தான் போக வேண்டும்.

என் தம்பி சகாயம் கடல் தொழில் செய்பவன். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு கூட்டாளியோடு பைபர் படகில் போனான். கூட்டாளி மட்டும் டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்து, வேறொரு படகுக்காரர்கள் கண்ணில் பட்டுத் திரும்பினான். அலை அடித்தது, படகு புரண்டது, பிறகு சகாயத்தைக் காணவில்லை என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தேடாத இடமில்லை. உடல் கிடைக்கவில்லை. அப்பா நோயில் கிடந்து போனவர். அவருக்குக் கல்லறை இருக்கிறது, வருடப் பூசை இருக்கிறது. சகாயத்துக்கு எதுவும் இல்லை. "ஒடம்பக் காட்டாம எம்புள்ளைக்கு இறந்த பூச வைக்க விடமாட்டேன்" என்று அம்மா பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. துட்டி விழுந்த, அதாவது சாவு நடந்த, வீட்டில் அந்த வருடத் திருநாளுக்கு அடுப்பில் கறி ஏறாது, பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டு முறுக்கையும் அதிரசத்தையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் சாவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதனால் அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கறிக்குழம்பு வைப்பாள். நானும் வைக்க வேண்டும்.

"நம்ம ரத்தத்துல ஒரு வீட்டுல அடுப்பு எரியலன்னாலும் அவன் செத்தவனாயிருவான், மேரி. வெள்ளக்காரக் கொழம்பானாலும் கொழம்புதான். நீ வையி" என்றாள் போனில்.

சகாயத்தின் மனைவி ஸ்டெல்லா வேறொரு நாள் தனியாக அழைத்தாள். தொண்டிக்காரி, அதிகம் பேசாத பெண். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியோடு போனபோது இவளை மட்டும் அம்மா வீட்டைவிட்டு வெளியே விடவில்லையாம். "நான் பொண்டாட்டியா, தாலியறுத்தவளான்னு எனக்கே தெரியல மைனி. கண்ணு கலங்குனாலே அத்தை வையுறாக. ஒரு தடவ வாய்விட்டு அழுதுக்கிறேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க மைனி" என்றாள். தம்பி போய்விட்டான் என்று என் மனது எப்போதோ சொல்லிவிட்டது. அதை அம்மாவிடம் சொல்ல மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டோரதியிடமும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் எப்படி என்று அவர் கேட்டபோது, "தம்பி கடலில் இருக்கிறான்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, கப்பலிலா? கிறிஸ்துமஸுக்குப் பிரமாதமாகச் சாப்பாடு போடுவார்களே" என்றார். போடுவார்கள் என்று தலையாட்டினேன். அதன் பிறகு கடையில் கப்பல் படம் போட்ட வாழ்த்து அட்டையைப் பார்த்து, அவனுக்கு அனுப்பு என்று வாங்கிவந்து கொடுத்தார். அது என் பெட்டிக்குள் கிடக்கிறது. சந்தேகமே இல்லாமல் நிகழ்காலத்தில் பேசப்படும் ஒருவனாக என் தம்பி இருந்தது அந்த ஒரு வீட்டில்தான்.

கிறிஸ்துமஸ் அன்று நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே மூடுபனி. தெருவே தெரியவில்லை, கடலின் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் கேட்டது. டோரதி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் மாவைத் தூவினேன், சுரண்டினேன், தண்ணீரை ஊற்றினேன். குழம்பு பழுப்பாகத் திரண்டு கொதித்தது. கொதி வந்ததும் வாசனை மாறியது. முதலில் வான்கோழிக் கொழுப்பு. அப்புறம் ஈரக் கயிறும் டீசலும் கலந்த ஒரு வாடை. திரும்பிப் பார்த்தேன். டோரதி சாவகாசமாக மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தார். கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குழம்பு சகாயத்தின் வேலை. படகில் சமைத்துப் பழகியவன். அங்கே நல்ல தண்ணீரைச் சிக்கனமாகப் பார்க்க வேண்டுமென்பதால் கடல்நீரையே கொஞ்சம் ஊற்றி உப்புக்கூட்டுவார்கள். அதையே வீட்டிலும் செய்வான். திருநாள் காலையில் செம்பை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவான். "கறிக்கொழம்புக்கும் கடத்தண்ணியா, லே?" என்று அம்மா திட்டுவாள், பிறகு சட்டியை வழித்து நக்குவாள். அந்தக் குழம்பில் முதலில் உப்பு தெரியும். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் மெல்லிய கசப்பு ஒன்று தங்கும். உலகத்தில் வேறெந்தச் சமையலிலும் நான் அதைக் கண்டதில்லை.

உப்புப் போடாத கிரேவியில் அது இருந்தது. அந்த உப்பு, அந்தக் கசப்பு. அடுப்பை அணைத்தேன். உப்பு டப்பாவை டோரதி முதல் வேலையாக அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்தார். கோசு வெந்த தண்ணீரின் கசப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்புக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

போன் அடித்தது. வீடியோவில் அம்மா. அங்கே இருட்டியிருந்தது. திருநாள் சேலை கட்டியிருந்தாள். மடியில் குழம்புச் சட்டி. பின்னால் சுவரோரம் ஸ்டெல்லா.

"யாரும் சாப்பிடல, மேரி" என்றாள் அம்மா. "விடியக்காலைல நானே போயி கடத்தண்ணி மொண்டுட்டு வந்து ஊத்துனேன். உப்பே இல்ல. பெறகு கல்லுப்பப் போட்டேன். ரெண்டு கை போட்டேன். உப்பு ஏறவே இல்ல."

"ஆமா மைனி" என்றாள் ஸ்டெல்லா. "நானும் வாயில வச்சுப் பாத்தேன். பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

அம்மா முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "எதுத்த வீட்டுக்காரி காலைல கொண்டாந்த தட்டு இன்னும் வாசல்லயே இருக்கு. நான் தொடல. இங்கன அவன் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒங்கிட்ட வந்திருப்பான். அக்கா அக்கான்னு ஒன்னையச் சுத்துனவன்தான. நீ வச்ச கொழம்புல உப்பு இருக்கா? இருக்குன்னா சொல்லு, தட்டத் திருப்பி அனுப்பிருதேன். அவன் வாரவரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன்."

என் நாக்கில் கசப்பு இன்னும் இருந்தது. இருக்கிறது என்று சொன்னால் அம்மா இந்த வருடமும், அடுத்த வருடமும், சாகும்வரையும் காத்திருப்பாள். அவளோடு ஸ்டெல்லாவும் காத்திருக்க வேண்டும். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா" என்றேன். "சப்புன்னுதான் இருக்கு."

அம்மா மடியிலிருந்த சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி" என்றாள். பிறகு பின்னால் திரும்பாமலே, "ஸ்டெல்லா, தட்ட உள்ள எடு" என்றாள். போனைத் தரையில் வைத்துவிட்டாள் போல. திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. முதலில் ஸ்டெல்லாவின் குரல் சன்னமாகக் கேட்டது, பிறகு உடைந்து பெரிதாக எழுந்தது. அதன் மேல் அம்மா ராகம் போட்டு மகன் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள். நிம்மதியும் பயமும் ஒன்றாக வந்தன. அந்தச் சத்தத்தை அணைக்க மனமில்லாமல் நின்றேன்.

போனை வைத்துவிட்டு வந்தபோது டோரதி மேசையில் காத்திருந்தார். "எவ்வளவு அழகாகப் பாடுகிறார்கள். உங்கள் ஊர் கிறிஸ்துமஸ் பாட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் இடது கையால் கிரேவியை ஊற்றிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். "பதம் பிரமாதம். ஆனால் பாவம், ஒரு துளி உப்பில்லை" என்றவர், யாரும் பார்க்கவில்லை என்பதுபோல எழுந்துபோய், மேல்தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துவந்து தன் தட்டில் தூவிக்கொண்டார்.

நான் என் தட்டில் ஊற்றிச் சாப்பிட்டேன். அதில் கடல் அப்படியே இருந்தது. அங்கே வருடப் பூசை முடியும்வரை இனி அடுப்பில் கறி ஏறாது. துட்டி வீட்டு மகள் நானும் கறியைத் தொடக்கூடாது. டோரதி ஊற்றும் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார். தட்டை நீட்டினேன்.