நிலாத் தட்டில் ஒரு காலடி

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். என் காலுக்கு ஓர் அம்மா ஒரு வருஷம் பூ வைத்தார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. அரியலூரில் நான் அறிவியல் வாத்தியார். பள்ளிக் கண்காட்சியில் நிலா மண்ணைக் காட்ட வேண்டும் என்று ஒரு கிறுக்கு. சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பக்கத்து வீட்டுக்காரர், வீட்டுத் தரை பூசியது போக மிச்சமிருந்த சிமெண்டைத் தகரத் தட்டு நிறையக் கொண்டுவந்தார்.

"ஏன் சார், நிலாவுலயும் ஆலை தொறந்துட்டாங்களா?"

விளக்கினேன். ஆற்று மணல் உருண்டு உருண்டு மழுங்குகிறது. நிலாவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை; அந்த மண்ணுக்கு மழுங்கும் கொடுப்பினை கிடையாது. விண்கற்கள் இடித்து மாவாக்கிய பொடி அது. ஒவ்வொரு துகளுக்கும் உடைந்த கண்ணாடி போல முனை. முனையோடு முனை கவ்விக்கொள்வதால் மிதித்த தடம் சரியாது.

"மிதிச்சவன் செத்துட்டாலும் இருக்குமா சார்?"

"பல லட்சம் வருஷம் இருக்கும்."

"அப்ப நம்ம காலையும் வெச்சிருவோம்" என்று வெறுங்காலை அழுத்தி எடுத்தார். விளிம்பு கூர்மையாக நிற்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தேன்.

கடைசி நாள் பிள்ளைகள் நெருக்கியதில் தட்டு சாய்ந்து தடம் கலைந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று பொடியைச் சமப்படுத்தி என் காலை வைத்துவிட்டேன். பிறகு ஐப்பசி வந்தது. நிலா மண் ஈரம் அறியாதது, சிமெண்ட் அப்படியா? அடைமழையின் ஈரக்காற்றிலேயே என் பாதம் அலமாரிக்குள் கல்லாகிவிட்டது.

கார்த்திகையில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோயிற்று. காரியம் முடிந்து அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"அவரு காலு உங்ககிட்ட இருக்காமே சார். ஒரு போட்டோகூட எடுத்ததில்ல அவரு."

அப்போதே சொல்லியிருக்கலாம். தட்டை எடுத்துக் கொடுத்தேன். முந்தானையால் துடைத்து, கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து தினமும் அவர்கள் வீட்டு விளக்கடியில் என் பாதத்துக்குச் செவ்வந்திப் பூ. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே கண்ணில் படும். செருப்பு மாட்டும்போது குதிகால் சில்லென்றிருக்கும். தெருவில் கல் தடுக்கினால்கூட செத்துப்போனவர்தான் இழுத்தார் என்று நினைப்பேன். நிலாவை அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். அங்கே யாரோ வெறுங்காலோடு நின்று, தன் தடம் எங்கே என்று கேட்பது போலிருக்கும். நிலாவைப் பாடம் நடத்தும் வாத்தியார், நிலாவுக்கே பயந்தேன்.

வருஷத் திதிக்கு அவர் மனைவி கூப்பிட்டிருந்தார். படையலுக்கு நடுவிலும் அந்தத் தட்டு. இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, என்னை மன்னிச்சிரு. அது அவரு காலு இல்ல. என் காலு."

அவர் நழுவிக் கிடந்த பூவை எடுத்துத் தடத்தின் மேல் சரியாக வைத்தார்.

"தெரியும் சார், அவருக்கு அந்தக் கால்ல நாலு வெரலுதான்."