செவ்வாய்ப்பேட்டைக் கண்ணாடிக்குள் என் முகம்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம், ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போட்டோ தேவைப்பட்டது. மல்லசமுத்திரத்திலிருந்து அப்பாதான் சேலத்துக்குக் கூட்டிப்போனார். செவ்வாய்ப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டுடியோ. விளக்குச் சூட்டில் விறைத்து உட்கார்ந்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். கதவருகே நின்ற அப்பாவும், "கொஞ்சம் சிரி சாமி" என்றார். சிரித்தேன்.

விண்ணப்பம் போனது. நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. அதே வாரம், மளிகை வாங்கச் சேலம் போன என் தாய்மாமா ஒரு செய்தியோடு வந்தார். ஸ்டுடியோ வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், என் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்களாம். உதட்டுக்குச் சிவப்பு, கன்னத்துக்கு ரோஸ், எல்லாம் கையால் தீட்டியது. டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவனெல்லாம் பார்க்கிறானாம்.

எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் கோபம் ஸ்டுடியோக்காரர் மேல் போகும் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார்.

"நீ எதுக்குச் சிரிச்ச?"

"நீங்கதானுங்கப்பா சிரிக்கச் சொன்னீங்க."

"எதுத்துப் பேசறயா? படிச்சுக் கிழிச்சது போதும்."

மறுநாள் சேலம் போனார். சண்டை போட்டாரா என்றால் இல்லை. "அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துருங்க" என்று தணிந்து கேட்டு, அங்கேயே காப்பியும் குடித்ததாகக் கூடப் போன மாமா சொன்னார். நேர்காணல் நாளன்று நான் வீட்டில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

வாங்கி வந்த படத்தைக் கிழித்துப் போடுவார் என்றிருந்தேன். கல்யாணத் தரகரிடம் கொடுத்தார். நான் சிரித்தது குற்றம் என்றவர், அதே சிரிப்பை ராசிபுரம் வரை மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பினார். இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஒரு வீட்டில் படம் பிடித்துப்போயிற்று.

கல்யாணத்துக்குப் படமெடுக்க அப்பா அழைத்து வந்ததும் அந்த ஸ்டுடியோக்காரரைத்தான். "நம்ம ஸ்டுடியோவுக்கு ராசியான மொகமுங்க" என்று மாப்பிள்ளையிடம் அவர் பெருமையடித்துக்கொண்டார். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

கேமராவில் ஸ்டுடியோக்காரர் விரல் அசையும் போதெல்லாம் கண்ணை மூடினேன். மாலை மாற்றும்போது, தாலி கட்டும்போது, இரு வீட்டாரோடு நிற்கும்போது, எல்லாவற்றிலும்.

ஆல்பம் வந்ததும் அப்பா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஃபிளாஷில் கண் கூசிவிட்டதா என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா. நானாத்தான் மூடினேன்."